ஸோயா ‘நார்மல்’ என்று சொன்னபோதெல்லாம்

பிசியோதெரபி படிக்கிற நீங்கள் மூட்டுகளைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். இத்தனை வருடம் மூட்டுகளோடு கிடந்தவள் நாலு பக்கம் எழுதமாட்டாளா என்று நினைத்திருப்பீர்கள். மூட்டுகளைப் பற்றி உங்கள் பாடப்புத்தகங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் எழுதப்போவது என்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒரேயொரு பெண்ணைப் பற்றி. இரண்டு தடவை அவளுடைய ஒரு முழு வருடம் என் கையால் இல்லாமல் போனது. முதல் தடவை நான் பிழை விட்டதால். அடுத்த தடவை நான் சரியாகச் செய்ததால். இரண்டு தடவையும் அவளுக்கு வலித்தது ஒரே மாதிரித்தான்.

உங்களில் சிலர் தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். ஆறுதலாக வாசியுங்கள். அவசரமில்லை.

என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையில் கழிந்தது. விழுந்து இடுப்பு உடைந்தவர்கள், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காதவர்கள், சத்திரசிகிச்சை முடிந்து முதல் அடி வைக்கப் பயப்படுகிறவர்கள். கடைசி ஒன்பது வருடம், கிழமைக்கு இரண்டு நாள், தென் லண்டனில் ஒரு பனிச்சறுக்குத் தளத்தில் பிசியோவாக இருந்தேன். அங்கே வேலை பார்த்த பெண் பிரசவ விடுமுறையில் போக, அவளுக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு என்று போனவள்தான் நான். அவள் திரும்பி வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடச் சறுக்குக் காலணி போட்டுப் பனியில் ஏறியதில்லை. ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் என் வீட்டு வாசலில் உறைபனி விழுந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள் நான்.

அங்கேதான் ஸோயாவைச் சந்தித்தேன். அவள் பனி நடனம் ஆடுகிறவள். ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்துப் பனியில் சறுக்கியபடி ஆடுவது அது. தனியாகச் சறுக்குகிறவர்களைப் போல் உயரப் பாய்ந்து சுழல்வதெல்லாம் இதில் இல்லை. இரண்டு பேரும் ஒரே உடம்பு மாதிரி அசைய வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வலி என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரித் தெரியும். நானும் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன்.

ஸோயா ரஷ்யாவில், யூரல் மலைப் பக்கம் ஒரு தொழிற்சாலை நகரத்தில் பிறந்தவள். அம்மா டிராம் ஓட்டுகிறவர். நாலு வயதில் அவளைப் பனியில் ஏற்றிவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் மாஸ்கோவில் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே ஆட்டத் துணையோடு ஒன்பது வருடம் ஆடினாள். நாட்டின் இளையோர் போட்டிகளில் மேடை ஏறினாள். பிறகு ஒரு நாள் காலை, அந்தத் துணையின் அப்பா பயிற்சிக்கு வந்து, மகனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு இல்லை, ஆட்டத்துக்கு. பனி நடனத்தில் பெண்கள் நிறைய, ஆண்கள் மிகக் குறைவு. துணை இல்லாத பெண் அந்த நாளோடு வீட்டுக்குப் போகலாம். ஸோயாவுக்கு அப்போது இருபத்தொரு வயது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பல நாடுகளில் துணை தேடும் ஆண்களின் பட்டியலை இணையத்தில் பார்த்துக் கடிதம் எழுதினாள். பதில் போட்ட ஒரேயொருவன் நம்முடைய பையன். ஆரோன். தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவன். அம்மா ரீட்டா மன்னாரிலிருந்து வந்தவர். வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு உடுப்புத் திருத்திக் கொடுப்பவர். மகன் பனியில் நடனமாடுகிறான் என்று கோவிலில் சொல்லும்போது சனம் பார்க்கும் பார்வையைப் பற்றி ரீட்டா என்னிடம் பலமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஸோயா லண்டனுக்கு வந்து அவர்கள் வீட்டு மேலறையில் தங்கினாள். ஆரோனுக்கு ரஷ்ய மொழி தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆட்டத்தின் கணக்கை அவள் ரஷ்ய மொழியில் எண்ண, அவனும் அப்படியே எண்ணப் பழகினான்.

இந்த நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் அவளுடைய பழைய நாட்டின் சங்கம் விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். அது வரும்வரை போட்டிகளில் இறங்க முடியாது, பயிற்சி மட்டும்தான். அந்தக் கடிதத்துக்காக அவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் அவள் என் அறைக்கு முதன்முதலாக வந்தாள். பயிற்சியாளர் மார்ட்டின் அனுப்பியிருந்தார். ஆட்டத்தில் ஏதோ ஒரு இழுவை தெரிகிறது, என்னவென்று பாருங்கள் என்றார்.

“எங்கேயாவது வலி இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“நார்மல்,” என்றாள்.

“பாதத்தில்? கணுக்காலில்?”

“நார்மல்.”

அசைவுகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ‘வலி இல்லை’ என்று குறித்துவிட்டு அனுப்பினேன். அடுத்த கிழமையும் அதே கேள்வி, அதே பதில், அதே குறிப்பு. அவளுடைய இடது காலணியின் மேல் மூன்று கொக்கிகளில் நாடா மாட்டப்படாமல் தளர்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அலட்சியமாகக் கட்டுகிறாள் என்று நினைத்தேன். நாலு வயதிலிருந்து ஒவ்வொரு நாளும் காலணி கட்டுகிற ஒருத்தி அலட்சியமாகக் கட்டுவாளா என்று யோசிக்கவில்லை.

மூன்றாம் கிழமை, பயிற்சி முடிந்து அவள் தேநீர் இயந்திரத்துக்கு முன்னால் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறைக்குக் கூட்டிவந்து, பாதத்தின் நடு எலும்பில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் வெளுத்துப்போயின. ஸ்கேனில் எலும்பில் வெடிப்பு. அந்த மூன்று கிழமையும் அதன்மேல் ஆடியிருக்கிறாள். முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் கொஞ்ச நாள் ஓய்வோடு போயிருக்கும். இப்போது காலை மாதக்கணக்கில் தரையில் ஊன்றக் கூடாது.

அதே கிழமைதான் விடுவிப்புக் கடிதம் வந்தது. அந்தப் பருவத்துப் போட்டிகள் தொடங்கப்போகிற நேரம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மருத்துவமனையில் எனக்கு மேலே ஒரு பெண்மணி இருந்தார். தன் பெயர் எழுத்தில் வருவதை விரும்பமாட்டார், அதனால் விடுகிறேன். ஒரு தடவை நான் ஒரு முதியவரைச் சரியாகப் பிடிக்காமல் விழவிட்டபோது, அறிக்கை எழுத உட்கார்ந்த என்னை எழுப்பி, “முதலில் அவரிடம் போய்ச் சொல். காகிதம் பிறகு,” என்று அனுப்பினார். போனேன். ஸோயாவின் ஸ்கேனைப் பார்த்த அன்று அது நினைவுக்கு வந்தது.

ரீட்டாவின் வீட்டுக்குப் போனேன். ஸோயா முன்னறையில், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், காலை மேசைமேல் போட்டபடி இருந்தாள்.

“மூன்று கிழமைக்கு முன்னமே நான் இதைக் கண்டிருக்க வேண்டும். உன் காலணியைப் பார்த்தும் கேட்காமல் விட்டேன். பிழை என்னுடையது,” என்றேன்.

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். “ஏன் இதை எனக்குச் சொல்கிறீர்கள்?”

“உன்னுடைய கால் என்பதால்.”

மேசைமேல் கிடந்த தன் காலையே பார்த்தாள். பிறகு, தன் அரைகுறை ஆங்கிலத்தில், “என் காலைப் பற்றி யாரும் என்னிடம் சொன்னதில்லை. பயிற்சியாளரிடம் சொல்வார்கள். அம்மாவிடம் சொல்வார்கள். நான் நார்மல் என்று சொல்ல வேண்டும். வேறு ஏதும் சொன்னால் அடுத்த பெண் வருவாள்,” என்றாள்.

அன்றைக்குப் பிறகு என் அறையில் அந்தச் சொல்லைத் தடை செய்தோம். அவள் சிரித்தாள். “அப்போ நான் என்ன சொல்வது?” என்று கேட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து இங்கே வரும்வரை என்ன செய்தாய் என்று மட்டும் சொல் என்றேன். அவள் குளியலறையில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பஸ்ஸில் உட்கார்ந்தாளா நின்றாளா என்பதிலிருந்து வலியை நானே படித்துக்கொண்டேன். வலிக்கிறதா என்று கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது அந்த மனிதர் சின்ன வயதிலிருந்து பழகிய பதில்தான். அன்றைய நாளைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தப் பருவம் போனது. கால் ஆறியது. அடுத்த வருடம் அவர்கள் நன்றாக ஆடினார்கள். அவளுடைய நாட்டின் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்கள் இருந்தார்கள். ரஷ்யா போர் தொடங்கிய பிறகு அது கூடியது. ஒரு சிறிய போட்டியில் அவள் பிறந்த ஊரை அறிவித்தபோது பார்வையாளர் பக்கமிருந்து யாரோ சீட்டி அடித்தார்கள். அவள் கேட்காத மாதிரி ஆடி முடித்தாள். நான் பிறந்த நாடு தந்த என் பழைய கடவுச்சீட்டைத் திறந்து பார்த்துவிட்டு முகம் மாறிய அதிகாரிகளை நானும் கண்டிருக்கிறேன். அன்று அவளுடைய காலைப் பிடித்துவிடும்போது வழமையைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இனி அவள் இழந்த இரண்டாவது வருடத்துக்கு வருகிறேன்.

ஐரோப்பியப் போட்டிக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் போட்டி அது. லண்டனிலேயே நடந்தது. ஒரு சோடிக்குத்தான் இடம். காலையில் கடைசிப் பயிற்சி, மதியம் ஆட்டம். பயிற்சியின்போது நான் வேறொரு பிள்ளையின் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். பனியில் தடாரென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது ஸோயாவும் ஆரோனும் எழும்பிக்கொண்டிருந்தார்கள். அவளைத் தூக்கி இறக்கும்போது இருவர் காலணிகளின் அடியிலுள்ள இரும்புக் கத்திகளும் ஒன்றோடொன்று தட்டிவிட்டன. அவள் பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

“தோள் அடிபட்டது. தோள் மட்டும்,” என்றாள். மார்ட்டினும் தோள் என்றார். தலை அடிபட்டதை யாரும் பார்க்கவில்லை.

தலை அடிபட்ட சந்தேகம் இருந்தால் ஆட விடக் கூடாது. இந்த விதி உங்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சந்தேகம் என்பது இங்கே என்னிடம் மட்டும்தான் இருந்தது. அவளைத் தனியாக உட்கார்த்திக் கேள்விகள் கேட்டேன். நினைவு, சமநிலை, சொற்களைத் திருப்பிச் சொல்வது. எல்லாம் சரி. ஒரு சொல்கூடத் தவறவில்லை. போட்டியின் மருத்துவர் என் குறிப்பை வைத்துத்தான் முடிவெடுப்பார். அவளை உடை மாற்ற அனுப்பிவிட்டு, அவள் ஆடலாம் என்று உறுதிசெய்யும் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன்: கையெழுத்துப் போடத்தான் திறந்தேன்.

அப்போது ஆரோன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவன், பதற்றத்தில் அம்மாவின் தமிழுக்கு வந்துவிட்டான்.

“அன்ரி, அவ ஓகே இல்லை.”

“தலை அடிபட்டதைப் பாத்தனியோ தம்பி?”

“இல்லை அன்ரி. நானும் விழுந்தனான், பாக்கேல்லை. ஆனா, வெளியில நிக்கேக்க, இந்த உடுப்பு ஆர் தைச்சது எண்டு கேட்டவ. அம்மா எண்டு சொன்னன். ரெண்டு நிமிசத்தால திருப்பியும் அதையே கேக்கிறா.”

அந்த உடையை ரீட்டா அவர்கள் வீட்டு முன்னறையில் வைத்துத்தான் தைத்தார். ஸோயா நாள்கணக்காக அளவு பார்க்க அங்கே நின்றவள். விரலில் ஊசி குத்தி ரீட்டா கத்தியபோது இவள்தான் ஓடிப்போய்ப் பஞ்சு எடுத்து வந்தவள்.

“இதைச் சொன்னா உனக்கும் இண்டைக்கு ஆட்டம் இல்லை. தெரியும்தானே?” என்று கேட்டேன்.

“ஓம் அன்ரி.” அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. “சைன் பண்ணாதேங்கோ. நான் சொன்னதெண்டு மட்டும் அவவுக்குச் சொல்லாதேங்கோ.”

மார்ட்டின் வந்தார். எல்லாக் கேள்விக்கும் அவள் சரியாகப் பதில் சொன்னாளே, காகிதத்தில் இருக்கிறதே என்றார். இருக்கிறது, ஆனால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். ஏன் என்றார். என் தீர்மானம் என்றேன். அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவரும் அந்த இரண்டு பேரோடு அந்த நாளுக்காகக் காத்திருந்தவர்.

ஸோயா கத்தவில்லை. அந்த உடையோடு வந்து என் முன்னால் உட்கார்ந்து, கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

“போன வருடம் பிழை விட்டீர்கள். அதனால் இப்போது பயப்படுகிறீர்கள். உங்கள் பயத்துக்காக என் வருடத்தை எடுக்கிறீர்கள்,” என்றாள்.

ஆரோன் வந்து சொல்லாமல் நானாகவே மறுத்திருந்தால் அவள் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். போன பிழையின் பயம் அடுத்த தீர்மானத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். உங்களுக்கும் அது நடக்கும். ஆட்களை மறிக்கும்போது, இது இன்று நான் கண்டதாலா, அன்று நான் காணாமல் விட்டதாலா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் கேளுங்கள்.

பின்னேரம் ரீட்டா தொலைபேசியில் அழைத்தார்.

“அக்கா, பிள்ளை ரெண்டு தரம் சத்தி எடுத்துப்போட்டா. லைட்டைப் பாக்கேலாதெண்டு போர்வையை மூடிக்கொண்டு கிடக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டே?”

“இப்பவே கொண்டு போங்கோ. நானும் வாறன்,” என்றேன்.

மூளையில் இரத்தக் கசிவு இல்லை. வாந்தியெல்லாம் தலை அதிர்ந்ததன் விளைவுதான். ஆறு கிழமை அவளால் புத்தகம் வாசிக்க முடியவில்லை, பஸ்ஸில் போக முடியவில்லை. ரீட்டா யன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். மதியம் அவள் ஆடியிருந்து, அதே தூக்கலில் இன்னொரு தடவை விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதற்குப் பிறகு அவள் என்னை விளங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. வேறொரு பிசியோவிடம் மாறிவிட்டாள். தளத்தின் நடைபாதையில் என்னைக் கடக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். தலையிடி இருந்தது அவளுக்குத் தெரியும். ஆனால் கேள்வி கேட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் அதை எப்படி நான் கண்டுபிடித்தேன் என்பது தெரியாது. கண்டுபிடிக்கவில்லை, பயந்துதான் மறுத்தேன், பிறகு அது தற்செயலாகச் சரியாகிவிட்டது என்றே நினைத்தாள். நான் திருத்தவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆரோன் என் அறைக்கு வந்தான்.

“அன்ரி, அவ உங்களைப் பற்றிக் கூடாமல் கதைக்கிறா. எனக்கு ஏலாமக் கிடக்கு. சொல்லிப்போடட்டோ?”

“அது உன்ர விருப்பம் தம்பி. எனக்காகச் சொல்லத் தேவையில்லை.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டான். மறுநாள் காலை ரீட்டா அழைத்தார். “ஒரு கதையும் கதைக்கேல்லை அக்கா. புட்டை அப்பிடியே வச்சிட்டு எழும்பி மேல போயிட்டா. விடிய எழும்பிப் பாத்தா அறையில ஆளில்லை. எனக்கு நெஞ்சு பக்கெண்டு போச்சு.”

இரண்டு நாள் அவள் பயிற்சிக்கு வரவில்லை. ஒரு சிநேகிதி வீட்டில் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது. மூன்றாம் நாள் வந்தாள். ஆரோன் பனியில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் காலணியைக் கட்டி, உள்ளே இறங்கி, அவனுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். அவன் பிடித்தான். ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை ஆடினார்கள். நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்தாள். “நீங்கள் ஏன் சொல்லவில்லை?” என்றாள்.

“நீ அவன் கையைப் பிடித்துத்தான் ஆட வேண்டும். என்னோடு கோபித்துக்கொண்டால் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். “இன்று காலை மிச்சத்தில் டிராம் ஏறினேன். உட்கார இடம் இருந்தது. நின்றேன். இடது இடுப்பு மடங்கினால் குத்துகிறது,” என்று தொடங்கினாள். திரும்பவும் என் நோயாளியாகிவிட்டாள்.

ஒரு நோயாளியிடம் உண்மையை மூன்று மாதம் மறைத்தது சரியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இன்றைக்கும் முழு நிச்சயம் இல்லை. விதிப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த இரண்டு பேரையும் வைத்துப் பார்த்தால் மீண்டும் அதையே செய்வேன்.

அடுத்த பருவத்தில் அவர்கள் தெரிவானார்கள். ஐரோப்பியப் போட்டிக்குப் போனார்கள். ரீட்டா உடையைப் பெட்டியில் போட நம்பிக்கை இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் இருந்தார். கடைசி நாள் ஆட்டத்துக்குத் தகுதி பெற்று, பட்டியலில் கீழ்ப்பாதியில் வந்தார்கள். பதக்கம் இல்லை. திரும்பி வந்தபோது ஸோயா விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளைவிட மேலே வந்தவர்களில் அவளுடைய பழைய துணை இல்லையா என்று மார்ட்டின் கேலியாகக் கேட்க, ரஷ்யர்களுக்குத்தான் போட்டியில் தடையே, அவர்கள் வரவே முடியாதே, பாவம் என்றாள். அதை மனதாரத்தான் சொன்னாள்.

அந்தக் குத்துகிற இடுப்பு அதற்குப் பிறகு மோசமாகிக்கொண்டே போனது. குருத்தெலும்பு தேய்ந்திருந்தது. எலும்பு வைத்தியர் படத்தைப் பார்த்து, இன்னும் ஒரு பருவம் ஆடலாம், ஆனால் அதற்குப் பிறகு இருக்கிற மூட்டு எத்தனை காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார். வைத்தியர் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பிறகு எல்லோரும் வருவது நம்மிடம்தான்.

மார்ட்டின் வந்தார். “நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது,” என்றார். ஆரோன் வந்தான். “அன்ரி, ஒரே ஒரு வருசம். ஏலும் எண்டு மட்டும் சொல்லுங்கோவன்,” என்றான். இரண்டு பேருக்கும் மாட்டேன் என்று சொன்னேன். எனக்கு ஓர் எண்ணம் இல்லாமலில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவளுடைய உடம்பைப் பற்றி மற்றவர்கள்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். கடைசி முடிவையும் நான் எடுத்துக் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு நாள் அவள் சிகிச்சைக்கு வந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. அவளுடைய அம்மா. டிராம் ஓட்டுகிற இடைவேளையில், செம்மஞ்சள் மேற்சட்டையோடு, திரையில் தெரிந்தார். மகளை அவர் நேரில் பார்த்து நாலு வருடமாகியிருந்தது. என்னைக் கண்டதும் ஏதோ சொன்னார்.

“உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம்,” என்றாள் ஸோயா. இரண்டு பேருக்கும் இடையில் அவள்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

அம்மா நீளமாகக் கேட்டார். ஸோயா தொடங்கி, நடுவில் நிறுத்தி, திரும்பவும் தொடங்கினாள். “எங்கள் வீடு ஐந்தாம் மாடியில். லிப்ட் இல்லை. நான் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் படி ஏறுவேனா என்று கேட்கிறார்.”

போட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. எத்தனையாம் இடம், இன்னும் ஆடுவாளா, ஒன்றும் இல்லை.

சுற்றி வளைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவளேதான் தன் வாயால் தன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அதனால் சின்ன வசனங்களாக, நேராகச் சொன்னேன். “ஏறுவாள். இப்போது நிறுத்தினால் நெடுங்காலத்துக்கு ஏறுவாள். இன்னும் ஒரு வருடம் ஆடினால், நாற்பது வயதுக்குள் ஏறக் கஷ்டப்படலாம். உறுதியாக எனக்குத் தெரியாது.”

ஸோயா திரையைப் பார்த்தாள். ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னாள். மிகச் சிறியதாக இருந்தது. அம்மா முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கை காட்டினார். டிராம் மணிச் சத்தம் கேட்டது. தொடர்பு போய்விட்டது.

“நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாயா?” என்று கேட்டேன்.

“முதல் சொல்லை மட்டும் சொன்னேன்,” என்றாள்.

சொல்ல வேண்டிய இடங்கள் பல உண்டு. அது அப்படி ஓர் இடமில்லை. அவளுடைய காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே சின்னப் பிள்ளைகளின் வகுப்பு தொடங்கும் சத்தம் கேட்டது.

நாலு நாள் கழித்து, சிகிச்சை இல்லாத ஒரு நாளில், சறுக்குக் காலணி இல்லாமல், வெறும் சப்பாத்தோடு வந்து கதவைத் தட்டினாள்.

“ஆரோனிடம் சொல்லிவிட்டேன். அழுதான். பிறகு ரீட்டா அன்ரி அழுதார். மார்ட்டினிடம் இப்போதுதான் சொல்லிவிட்டு வருகிறேன். நிறுத்திவிட்டேன்.”

“ஏன் என்று கேட்கலாமா?”

“அம்மாவுக்கு ஏறுவேன் என்று சொல்லிவிட்டேனே,” என்றாள் ஸோயா. “இனி அது உண்மையாக இருக்க வேண்டும்.”

அவள் போன பிறகு அவளுடைய மருத்துவக் கோப்பை எடுத்து முடித்து வைத்தேன். போட்டியிலிருந்து விலகிய காரணம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ‘இடது இடுப்பு’ என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை.